முதல் மண்

அடைக்கலக்குப்பம்,
சிதம்பரம் தாலுகா.
9-2-2025

அன்பு மகள் ஆரோக்கிய அனிதாவுக்கும், அவளுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் சிஸ்டர் பிரிசில்லா அவர்களுக்கும் செபாஸ்டின் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் வீட்டில் எல்லாரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்குத் தனியாகக் கடிதம் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

கடலூர் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். ஆனால் கன்னியர் பயிற்சி முடியும்வரை போன் கூடாது, கடிதம்தான் என்று சொல்லிவிட்டீர்கள். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவனை இந்த வயதில் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். தப்பு இருந்தால் சிஸ்டர் திருத்திக்கொள்ளட்டும்.

கார்த்திகைப் புயலில் போன நம் டீக்கடையின் பாய்லர் கிடைத்துவிட்டது. பிச்சாவரம் பக்கம் சுரபுன்னை வேரில் மாட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது. வாடகை கேட்டேன், கொடுக்காமல் போய்விட்டது.

பெரிய செய்தி இனிமேல்தான். நிவாரணக் குழு நம் ஊருக்குக் கடைகள் கட்டித் தருகிறது. எங்கே என்று பெரிய வாக்குவாதம். பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்கு வருகிறவர்கள் கடலில் கால் நனைக்கவும் மீன் வறுவல் சாப்பிடவும் ஆசைப்படுகிறார்கள், அதனால் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டுதான் சரியான இடம் என்று உன் மாமா ராபர்ட் எழுந்து நின்று பேசினான். என் மச்சான் வாயில் நல்ல யோசனை வந்தது இதுதான் முதல் தடவை, அதனால் எல்லாரும் திகைத்துப்போய் ஒத்துக்கொண்டோம். கோயிலில் சீட்டுக் குலுக்கினார்கள். நமக்கு விழுந்தது திட்டின் நடு இடம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டையும் பார்க்கலாம். அமராவதிக்கும் ஒரு கடை விழுந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஆத்து வாயில யாராச்சும் கடை போடுவாங்களா?" என்று சிரித்தாள். கருவாட்டுக் கூடையோடு தெருத் தெருவாகப் போகிறவளுக்குக் கடையில் உட்கார உடம்பு வணங்காது என்று நாங்களும் சிரித்தோம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செய்தி: திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உன் தம்பி ஆனந்த் வந்துவிட்டான். கடை இருந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். உன் அம்மா சவரிமேரி நேற்று சமைக்கும்போது பாட்டுப் பாடினாள். கேட்கச் சகிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அப்பா

*

நவதுறவியர் இல்லம்,
கடலூர்.
2-3-2025

அன்புள்ள அப்பா, அம்மா, தம்பிக்கு,

ஆண்டவர் அருளால் நலமாக இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, உப்புதான் நம் வீட்டு அளவுக்கு இல்லை. உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

பாய்லர் நண்டைப் படித்துவிட்டு சிஸ்டர் பிரிசில்லா வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்புறம், கடைகள் வரும் இடம் எது என்று கேட்டார்கள். அவர்கள் திட்டக்குடிக்காரர்கள், கடற்கரைப் பழக்கம் தெரியாது. நான் விளக்கினேன். எங்கள் ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தை முகம் என்போம், கோடையில் கடல் மணலைத் தள்ளி அந்த முகத்தைத் திட்டாக மூடிவிடும், மழைக்கு முன்னால் ஊரே கூடி அதை வெட்டித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பும் என்றேன். அக்டோபரில், ஜெபமாலை மாதத்து முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு, முறைக்காரர் வீட்டு ஆள் முதல் மண் எடுப்பார், அவர் எடுக்காமல் வேறு யாரும் மண்வெட்டி போட மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கடை?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதை உங்களிடமே கேட்கிறேன் அப்பா. போன வருஷம் புயல் முந்திக்கொண்டது. வெட்டப் பிந்தினோம். அது உங்களுக்கும் தெரியும். இந்த வருஷ முறை நம் வீட்டுக்கு. முகத்தின் ஆழம் எப்போதும் திட்டின் நடுவில்தானே இருக்கும்? வெட்டும்போது கடையைத் தள்ளி வைக்க முடியுமா? தெரிந்துகொண்டால் நிம்மதியாக இருக்கும்.

தம்பி வந்தது பெரிய சந்தோஷம். அவன் பெயரைச் சொல்லி தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
அனிதா

*

அடைக்கலக்குப்பம்,
20-4-2025
பாஸ்கா ஞாயிறு

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கும், கேள்வி கேட்கிற சிஸ்டருக்கும் உண்டாகட்டும். முழங்கால் உன் விசாரிப்பைக் கேட்டு ஒரு நாள் வலிக்காமல் இருந்தது. நீ இளைத்துவிட்டாயோ என்று அம்மா கவலைப்படுகிறாள்.

கடை திறந்தாயிற்று. சாமியார் வந்து மந்திரித்தார். தீர்த்தம் என் மேல்தான் அதிகம் விழுந்தது, தேவை யாருக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் ஆனந்த் 'செபாஸ்டின் கடல் உணவகம்' என்று எழுதி, பக்கத்தில் என் முகத்தையும் வரைந்திருக்கிறான். பார்க்கிறவர்கள் அது சுறா மீன் என்று நினைத்து உள்ளே வருகிறார்கள். கடம்பா மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். டீ போடுவது நான். மிச்சம் எல்லாம் அவன். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது அவன் முகம் திருப்பூரில் இருந்து வந்தபோது இருந்த மாதிரி இல்லை. கீரப்பாளையத்தில் ஒரு பெண் இருப்பதாக உன் அம்மா பேச்சை எடுத்திருக்கிறாள்.

கடையை அசைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். நிவாரணக் குழு என்ஜினியர் கெட்டிக்காரர். அடுத்த புயலில் தகரம் பறக்கக்கூடாது என்று ஒவ்வொரு கடைக்கும் அடியில் கான்கிரீட் போட்டு, இரும்புக் கால்களை அதில் நட்டுவிட்டார். யானையைக் கட்டினாலும் அசையாது.

போன வாரம் உன் மாமா ராபர்ட் எல்லாக் கடைக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான், இந்த வருசம் மொத மண்ணு உன் அடுப்புக்கு அடியிலதான்" என்றான். வரிசையே சிரித்தது. அப்புறம் ஏனோ எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஜெபமாலை மாதம் வர நாள் கிடக்கிறது. நீ ஜெபத்தைப் பார், நான் டீயைப் பார்க்கிறேன்.

அப்பா

*

நவதுறவியர் இல்லம்,
கடலூர்.
15-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் கேட்க நேரிலேயே வாய்ப்பு இருந்தது. நேற்று பெற்றோர் பார்க்கும் நாள். அம்மா மட்டும் வந்தார்கள். வறுத்த நெத்திலியை எல்லா நவதுறவிகளும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அப்பாவையே கேளு" என்றார்கள். முகம் எந்தப் பக்கம் வெட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் அதே பதில். திரும்பி நெத்திலிப் பொட்டலத்தின் நூலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அது ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

நீங்கள் கடலூருக்கு வருவதைத் தவிர்க்கிற ஆள் இல்லை அப்பா.

அனிதா

*

அடைக்கலக்குப்பம்,
3-8-2025

மகள் அனிதாவுக்கு அப்பாவின் அன்பு முத்தம். தாமதத்துக்கு சிஸ்டர் என்னை முட்டி போட வைக்கட்டும், வலது முழங்காலில் மட்டும். காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு அங்கே கொசு உண்டா? இங்கே இந்த வருஷம் ஜாஸ்தி.

அன்றைக்கு வராததற்குக் காரணம் உண்டு. கடையில் கூட்டம். அப்புறம், என் நல்ல சட்டை இன்னும் காயவில்லை. சரி விடு, ஒரு காரணம் போதும்.

கொசு ஜாஸ்தி ஏன் என்றால் ஆற்றுத் தண்ணீர் இந்த வருஷம் சோம்பேறியாக இருக்கிறது. முகம் அடைத்து வெகுநாள் ஆயிற்று. பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. காலையில் ஒரு வாடை வரும், வெயில் ஏறினால் போய்விடும். மடவை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. வந்தவர்களுக்குத் தெரியாமல் ஆனந்த் அள்ளிப் புதைத்தான். கடல் பக்கம் ஜன்னல் வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

இங்கே எனக்கு ஒரு காவல்காரி சேர்ந்திருக்கிறாள். அமராவதி. தினமும் விடிந்ததும் கருவாட்டுக் கூடையோடு வந்து கடைக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். டீ குடி என்றால் வேண்டாம் என்கிறாள். என்னத்தைப் பார்க்கிறாய் என்றால், "நீ பாக்காததை" என்கிறாள். அவள் புருஷன் போன புயலில் போனதிலிருந்து அப்படித்தான் பேசுகிறாள், பாவம். பள்ளத்தெருவில் கடைசி வீடு அவளுடையது. தண்ணீர் வந்தால் முதல் வாசல் அதுதான்.

ஆனந்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டார் கடையை வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். கார்த்திகைக்கு அப்புறம் வரச் சொல்லியிருக்கலாம். நான் ஏனோ ஐப்பசியிலேயே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா உனக்குப் பழைய புடவையில் தலையணை உறை தைத்திருக்கிறாள். பஸ்ஸில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அப்பா

*

நவதுறவியர் இல்லம்,
கடலூர்.
24-9-2025

அன்புள்ள அப்பா,

எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். தலையணை உறை வந்தது. அதில் நம் வீட்டு வாசனை இருந்தது, இரண்டு நாள் துவைக்கவில்லை.

ஜெபமாலை மாதம் வருகிறது. கடை போனால் தம்பி திரும்பவும் போய்விடுவான் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அவன் அங்கே இருக்க வேண்டும். ஆனால் முதல் மண் எடுக்க நம்மைத் தவிர இந்த வருஷம் யாருக்கும் உரிமை இல்லை. ஊர் முழுக்க உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் எடுக்காவிட்டால் அவர்கள் யாரும் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெட்டுவீர்கள்தானே?

அனிதா

*

அடைக்கலக்குப்பம்,
8-10-2025

அன்பு மகளுக்கு, ஜெபமாலை மாதா உன்னைக் காப்பாளாக. நாங்கள் சௌக்கியம். முழங்கால்கூட மழைக்கு முன்னால் அடங்கி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சிறப்பாக நடந்தது. உன் மனம் குளிரட்டும் என்று விவரமாக எழுதுகிறேன். பூசை முடிந்து கொடி பிடித்துக்கொண்டு, மாதா பாட்டுப் பாடிக்கொண்டு திட்டுக்குப் போனோம். உன் அப்பன் முன்னால், தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. ராஜா மாதிரி நடந்தேன். சினிமா ராஜா இல்லை, கோயில் நாடகத்தில் ஏரோது ராஜா. சாமியார் தீர்த்தம் தெளித்தார். கடை வரிசை முடிகிற இடத்தில், வடக்கே, நான் முதல் மண் எடுத்தேன். அந்த மண்ணை ஒரு கூடையில் போட்டு, அதைக் கடலில் கொட்டினோம். எல்லாரும் கை தட்டினார்கள். ராபர்ட் என்னைக் கட்டிப்பிடித்து, "மச்சான், எங்க வயித்துல பால வாத்த" என்றான். அப்புறம் ஊருக்கே பிரியாணி, நம் கடைப் பாத்திரத்தில்தான். ஆனந்த் பரிமாறினான். அவ்வளவு பேரும் சிரித்த முகமாகச் சாப்பிட்டார்கள். வெகுநாளாக அப்படிப் பார்க்கவில்லை.

அமராவதி சாப்பிட வரவில்லை.

பெண் வீட்டார் அடுத்த வாரம் வருகிறார்கள். வேண்டிக்கொள்.

அப்பா

*

நவதுறவியர் இல்லம்,
கடலூர்.
19-10-2025

அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் அழகாக இருந்தது. கொடி, பாட்டு, துண்டு, பிரியாணி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

தண்ணீர் கடலுக்குப் போயிற்றா என்று எழுதவில்லை.

அனிதா

*

அடைக்கலக்குப்பம்,
16-11-2025

அன்புள்ள அனிதா,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடலூரிலும் மழை என்றார்கள், நனையாதே.

உன் கடைசிக் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். சின்னக் கடிதம், ஆனால் எனக்குப் படிக்க நேரம் பிடித்தது. எட்டாவது வாத்தியார் இருந்தால் இப்போதும் பெஞ்சு மேல் ஏற்றுவார்.

மழை விடவில்லை. மேற்கே ஏரி நிரம்பித் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆறு இப்போது சோம்பேறி இல்லை. கடைக்குப் பின்பக்கம் கான்கிரீட்டை நக்கிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தெருவில் நண்டுகள் நடக்கின்றன, வீட்டுக்காரர்கள் மாதிரி வாசலில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்கின்றன. கிணற்றில் குனிந்தே கை கழுவலாம், அவ்வளவு மேலே தண்ணீர்.

பெண் வீட்டார் வந்துபோனார்கள். கடை பிடித்துப்போயிற்று. கடைசி ஞாயிற்றில் பூ வைக்கலாம் என்கிறார்கள். அதனால் நேற்றுக் கூட்டத்தில் நான் எதுவும் பேசவில்லை. புயல் ஆந்திராவுக்குப் போய்விடும் என்று செல்போனில் வந்திருப்பதாக ராபர்ட் சொன்னான். கடைக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். யாரும் வெட்ட வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மழையைப் பார்த்தேன்.

அமராவதி தன் ஆடுகளை நம் வீட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நீயும் வந்து இங்கேயே படு என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். போகும்போது என்னிடம், "அண்ணே, நீ எடுக்கிறியா, நான் எடுக்கட்டுமா?" என்றாள். முறை இல்லாதவர்கள், அதிலும் பெண்பிள்ளை, மண்வெட்டி போட்டால் ஊர் என்னத்துக்கு ஆகும் என்று சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

பூ வைத்து முடியட்டும். மறுநாளே நான் எடுத்துவிடுகிறேன். இதை உனக்கு எழுதியே கொடுத்துவிட்டேன், பார்.

அப்பா

*

நவதுறவியர் இல்லம்,
கடலூர்.
24-11-2025

அப்பா,

சிஸ்டர் பிரிசில்லா விதியைத் தள்ளிவைத்து அவர்கள் போனைக் கொடுத்தார்கள். உங்கள் யார் எண்ணுக்கும் லைன் போகவில்லை. இந்தக் கடிதம் புயலுக்கு முன்னால் வருமா என்று தெரியாது. பூ வைப்பதற்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே எடுங்கள். தம்பிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அனிதா

*

அடைக்கலக்குப்பம்,
14-12-2025

அன்பு மகள் அனிதாவுக்கு அப்பா சொல்ல, தம்பி சகாய ஆனந்த் எழுதுவது. கையெழுத்து அழகாக இருப்பதைப் பார்த்து நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதே. வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். தகரம் கிழித்துவிட்டது. முழங்காலுக்குத் துணை கிடைத்திருக்கிறது.

உன் கடிதம் வந்தது. வரும்போது முகம் திறந்திருந்தது.

நம் கடையும் இரண்டு பக்கமும் இருந்த கடைகளும் போயின. கான்கிரீட்டோடு சேர்ந்து போயின. அசையாது என்று சொன்ன என்ஜினியரைப் பார்த்தால் சொல்ல வேண்டும், யானையைக் கட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். பாய்லர் திரும்பவும் காணோம். நண்டுக்கு நல்ல நேரம். பள்ளத்தெருவில் சில சுவர்கள் விழுந்தன. தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிவிட்டதால் ஊர் தப்பித்தது. பூ வைப்பதைத் தள்ளி வைத்திருக்கிறோம். அமராவதியின் ஆடுகள் நம் வீட்டில்தான் இருக்கின்றன. நன்றாக மேய்கின்றன.

அக்கா, அப்பா இதற்கு மேல் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். இனி நானே எழுதுகிறேன்.

முகம் திறந்த அன்றைக்குக் காலையில் நானும் அப்பாவும் கடையில் இருந்தோம். வியாபாரம் இல்லை, சாமான்களைப் பார்த்துக்கொள்ளத்தான் போனோம். அமராவதி அத்தை மழையில் வந்தார்கள். கூடை இல்லை, மண்வெட்டி இருந்தது. "அண்ணே, நீ டீ போடு. நான் வெட்டிட்டு வந்து குடிக்கிறேன்" என்றார்கள். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன், அக்கா. கடல் பக்கம் போய், நம் கடைக்கும் மாமா கடைக்கும் நடுவில் வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பொம்பளை எவ்வளவு வெட்டிவிட முடியும் என்று நினைத்தோம். அப்பா உண்மையிலேயே டீ போட்டார், இஞ்சி தட்டி. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அப்பா வாசலுக்கு வந்தபோது மணல் சத்தம் கேட்டது. ஆறு அவ்வளவு உயரமாக நிற்கும்போது வெட்டினால் அது வாய்க்கால் மாதிரி போகாது, உடைத்துக்கொண்டுதான் போகும். ஜெபமாலை மாதத்திலேயே வெட்டியிருந்தால் முழங்கால் தண்ணீர்தான் ஓடியிருக்கும்.

அப்பா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி அத்தை கையைப் பிடித்தார். நான் அப்பா இடுப்பைப் பிடித்தேன். தகரம் சாய்ந்து அப்பா கை மேல் விழுந்தது. அப்பா விடவில்லை. அத்தைதான் கையை உதறிக்கொண்டார்கள். "வுடுண்ணே, புள்ளயும் வந்துரும்" என்றார்கள். அத்தை உடம்பைப் பிச்சாவரம் பக்கம் சுரபுன்னைக் காட்டில் படகுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். அம்மாதான் குளிப்பாட்டினார்கள்.

போன ஞாயிறு ஊர்க்கூட்டம் நடந்தது. நிவாரணக் குழு திரும்பவும் வந்திருக்கிறது, கடைகளைத் திரும்பக் கட்டித் தருகிறார்கள். திட்டிலேயே, கொஞ்சம் தள்ளி. எல்லாரும் சரி என்றார்கள். முதல் மண் பேச்சும் வந்தது. வடக்கே எடுத்த ஒரு கூடை மண் கணக்கில் வராது, அத்தை எடுத்ததும் முறை ஆகாது, அதனால் செபாஸ்டின் வீட்டு முறை இன்னும் தீரவில்லை, வருகிற வருஷமும் அவர்களுக்குத்தான் என்று முடிவு செய்தார்கள். ராபர்ட் மாமா அப்பா பக்கம் திரும்பி, "கடை எடமும் உனக்கு அதே நடுவுலதான் மச்சான், பாவம், நஷ்டப்பட்டவன்" என்றார். அப்பா கடை வேண்டாம் என்றார். முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் அந்த நடு இடத்தை மாமாவே எடுத்துக்கொண்டார்.

திருப்பூருக்குப் போ என்று அப்பா இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் போகவில்லை. மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா திரும்பி வந்துவிட்டார். எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. சிஸ்டருக்கு வணக்கம் போடச் சொன்னார், போட்டுவிட்டேன். "முடிக்கும்போது எல்லாரும் நலம்னு எழுதிடவாப்பா?" என்று கேட்டேன். ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது வேணாம். முகத்துல மணல் சேர ஆரம்பிச்சிடுச்சின்னு எழுது" என்றார்.

தம்பி,
ஆனந்த்